பள்ளியும் பந்தியும்: மேற்கு நெல்லையில் நவீனக் கல்வி வேரூன்றிய வரலாறு

பொதிகை மலையடிவாரத்தில் தென்காசி, கடையம், அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி எனத் தாமிரபரணியையும் அதன் துணையாறுகளையும் ஒட்டி அமைந்த ஊர்களில் நவீனப் பள்ளி வேரூன்றிய வரலாற்றை எழுதுவோர், பெரும்பாலும் கட்டடம், பாடத்திட்டம், தேர்ச்சி விகிதம் ஆகியவற்றைக் கொண்டே அதை அளக்கின்றனர். அவை தேவையான அளவைகள்தாம். ஆனால் கடந்த இரு நூற்றாண்டுகளில் இந்த வட்டாரத்தில் பள்ளி நடத்த முன்வந்த மிஷன், சாதிச் சங்கம், தேசிய இயக்கம், அரசு ஆகிய எல்லாத் தரப்பும் பாடத்தைவிடக் கடினமான ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது: யார் அருகில் யார் அமர்வது, ஒரே உலையில் வெந்த சோற்றை எல்லாரும் ஒரே பந்தியில் உண்பதா என்பதே அது. அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளே இங்கு நவீனப் பள்ளி எவ்வளவு நவீனமாயிற்று என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன என்பது இக்கட்டுரையின் துணிபு.

நவீனப் பள்ளி என்று இங்கே குறிக்கப்படுவது, வயதுக்கேற்ற வகுப்பு, அச்சிட்ட பாடநூல், கால அட்டவணை, பயிற்சி பெற்ற ஆசிரியர், வெளியார் ஆய்வு ஆகியவற்றோடு, கொள்கையளவிலேனும் ஊரின் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாசலைத் திறந்து வைத்த நிறுவனமாகும். அதற்கு முன்பு இங்குக் கல்வியே இல்லை என்பது உண்மையன்று. அண்ணாவி என்று நெல்லைச் சீமையில் அழைக்கப்பட்ட ஆசிரியர், தம் வீட்டுத் திண்ணையிலோ கோயில் சாவடியிலோ பிள்ளைகளை அமர்த்தி, முதலில் மணலில் விரலால் எழுதவைத்து, பிறகு பனையோலையும் எழுத்தாணியும் கொடுத்து, ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் மனப்பாடம் செய்வித்தார். கணக்குக்கு எண்சுவடி இருந்தது. முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரி, எண்பதில் ஒரு பங்கான காணி, இருபதில் ஒரு பங்கான மா எனப் பின்னங்களின் வாய்பாடுகளை வரிசையாக ஒப்பித்த பிள்ளை, நெல்லை அளக்கவும் நிலத்தின் குழிக்கணக்கைப் போடவும் வட்டி பார்க்கவும் தெரிந்தவனாக வெளியேறினான். கற்றுக்கொடுத்ததை உடனே வயலிலும் கடையிலும் பயன்படுத்த முடிந்தது என்பது அந்தக் கல்வியின் வலிமை. வயலும் கடையும் யாருடையவையோ அவர்களின் பிள்ளைகளை நோக்கியே அது அமைந்திருந்தது என்பது அதன் எல்லை.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டு, 1826இல் தொகுத்து முடித்த கணக்கெடுப்பில் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகப் பதிவாகியுள்ளது. இந்த ஆவணங்களை 1983இல் நூலாக வெளியிட்ட தரம்பால், தமிழ் மாவட்டங்களில் பிராமணரல்லாத மாணவர்களே மிகுதி என்பதைச் சுட்டிக்காட்டி, பழைய கல்வி ஒரு சாதியின் தனியுடைமை என்ற கருத்தை மறுத்தார். அவருடைய மறுப்பு நியாயமானதே. எனினும் அதே கணக்கில் பெண்குழந்தைகள் மிகச் சிலராகவே காணப்படுகின்றனர். திண்ணை என்பது ஒரு வீட்டின் உறுப்பு, அந்த வீடு ஒரு தெருவின் உறுப்பு, அந்தத் தெருவுக்குள் யார் நடக்கலாம் என்பதற்கு ஊரில் விதி இருந்தது. எனவே அண்ணாவி யாரையும் விலக்காதபோதும் இடமே பலரை விலக்கிவிட்டது. மூத்த மாணவனைச் சட்டாம்பிள்ளையாக்கி இளையோருக்குப் பாடம் சொல்லவைக்கும் திண்ணைப் பள்ளி முறையைச் சென்னையில் கண்டுணர்ந்த ஆண்ட்ரூ பெல், 1790களில் எழும்பூர் அனாதைச் சிறுவர் இல்லத்தில் அதைப் பின்பற்றி, பின்னர் அதைப் பற்றி இங்கிலாந்தில் நூல் வெளியிட, அது ‘சென்னை முறை’ என்ற பெயரில் அங்குள்ள ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் பரவியது. தமிழகத் திண்ணை உலகக் கல்வி வரலாற்றில் இடம்பெற்ற செய்தி என்பதால் இது தமிழ் வாசகர் மறக்கக் கூடாத ஒன்று.

திருநெல்வேலிச் சீமையில் நவீனப் பள்ளிகள் ஒரு வலையமைப்பாகத் தோன்றியது, பிரஷ்ய நாட்டவரான ரேனியஸ் 1820 ஜூலையில் சர்ச் மிஷனரி சங்கத்தின் சார்பில் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்த பிறகு ஆகும். தமிழ் இலக்கணம் எழுதும் அளவுக்குத் தமிழ் கற்ற அவர், 1838இல் பாளையங்கோட்டையிலேயே மறைவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றூர்ப் பள்ளிகளை உருவாக்கியதோடு, 1832இல் ‘பூமி சாஸ்திரம்’ என்ற நூலையும் வெளியிட்டார். உலகின் கண்டங்களையும் நாடுகளையும் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழிலேயே விளக்கிய முன்னோடிப் பாடநூல் அது. ஓலையை விட்டு அச்சுக்கும், குழிக்கணக்கை விட்டு உலகப்படத்துக்கும் பிள்ளையின் கண் திரும்பியது ஒரு பெரிய மாற்றம். அதைவிடப் பெரியது பள்ளி நின்ற இடம். மிஷன் பள்ளிகள் பெரும்பாலும் புதிதாகக் கிறிஸ்தவம் தழுவிய எளிய மக்களின் குடியிருப்புகளிலேயே எழுந்தன. பனையேறிகளின் பிள்ளைகளும் கூலிகளின் பிள்ளைகளும் யாருடைய தெருவையும் கடக்காமல் நடந்து செல்லக்கூடிய தொலைவில் எழுத்து வந்து சேர்ந்தது. மேற்குப் பகுதியில் நல்லூர், சுரண்டை ஆகிய ஊர்கள் மிஷனின் தலைமையிடங்களாயின. இன்று ‘டி.டி.டி.ஏ. பள்ளி’ என்று ஊர்மக்கள் சொல்லும் திருமண்டலப் பள்ளிகளின் வேர் இந்தக் காலத்தில்தான் இருக்கிறது.

பகல்நேரப் பள்ளியில் தள்ளித் தள்ளி அமரவைத்துச் சமாளிக்க முடிந்த சாதி, விடுதிப் பள்ளியில் உணவு வேளையில் வெளிப்பட்டது. ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் உருவாக்கப் பாளையங்கோட்டையில் நடத்தப்பட்ட பயிற்சிப் பள்ளியில் எல்லாரும் ஒன்றாக உண்ண வேண்டும் என்று ரேனியஸ் வற்புறுத்தியபோது உயர்சாதியினரிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. கிறிஸ்தவராகியும் சமையற்கட்டை மாற்றிக்கொள்ள அவர்கள் ஆயத்தமாக இல்லை. சென்னையில் ஜான் ஆண்டர்சன் 1837இல் தொடங்கிய, பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியிலும் இதற்கு ஒப்பான ஒன்று நடந்தது. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த மாணவர் இருவர் அங்குச் சேர்ந்திருப்பது தெரிந்ததும் மற்றவர்களில் பெருந்தொகையினர் பள்ளியைவிட்டு நின்றனர். ஆண்டர்சன் அந்த இருவரையும் நீக்க மறுத்தார். வெளியேறியவர்களில் பலர் பின்னர்த் திரும்பினர். ஆங்கிலக் கல்வியின் பயனை இழக்க மனமின்றித் திரும்பினார்களே தவிர, மனம் மாறித் திரும்பினார்கள் என்று சொல்லச் சான்று இல்லை. ஆயினும் நிறுவனம் உறுதியாக நின்றால் ஊர் வழக்கம் பின்வாங்கும் என்பதற்கு இது தொடக்ககாலச் சான்று. பின்வந்த பள்ளிகள் பலவும் இந்த உறுதியைக் காட்டவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிகழ்ந்த விரிவைச் சுருக்கமாகவே இங்குச் சுட்டலாம். தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு பணவுதவி தரும் மானிய முறை 1854இன் கல்வி அறிக்கைக்குப் பின் நடைமுறைக்கு வந்தது. பெண்கல்விக்கென இங்கிலாந்தில் திரட்டிய பொருளால் வளர்ந்த சாரா டக்கர் நிறுவனம் 1895இல் கல்லூரி நிலையை எட்டியது. பார்வையற்றோருக்கும் செவித்திறன் அற்றோருக்கும் 1890களிலேயே பாளையங்கோட்டையில் தனிப் பள்ளிகள் தோன்றின. மிஷன் பள்ளிகளைக் கண்டு மற்றவர்களும் எழுந்தனர். விருதுநகர் நாடார்கள் 1889இல் தொடங்கிய ஷத்திரிய வித்தியாசாலைக்கு மகமை நிதியோடு, வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி போடும்போது நாள்தோறும் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இட்டுச் சேர்த்த பிடியரிசியும் ஆதாரமாயிற்று. அந்தப் பள்ளியில்தான் காமராஜர் படித்தார். கோயில் நுழைவு மறுக்கப்பட்ட ஒரு சமூகம் தன் அடுப்படியிலிருந்து பள்ளிக்கூடத்தைக் கட்டி எழுப்பியது, தமிழகக் கல்வி வரலாற்றில் தனி நூலுக்கு உரிய பொருள்.

இந்தப் பின்னணியில்தான் கடையம் கவனத்துக்கு வருகிறது. புதுச்சேரியிலிருந்து 1918 நவம்பரில் வெளியேறிக் கடலூரில் கைதாகி விடுதலையான சுப்பிரமணிய பாரதி, மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்தில் 1920 வரை வாழ்ந்தார். தம் நூல்களையெல்லாம் அச்சிட்டுத் தமிழகமெங்கும் பரப்பும் திட்டத்தை இங்கிருந்தே அறிவித்தார். 1920இல் பக்கத்து ஊரான பொட்டல்புதூரில் இஸ்லாத்தின் பெருமை குறித்து உரையாற்றினார். சாதி வேறுபாடு பாராத அவருடைய நடத்தை அக்கிரகாரத்தோடு ஓயாத உரசலை உண்டாக்கியது. பள்ளி பற்றி அவர் சிந்தித்தது ‘தேசீயக் கல்வி’ என்ற கட்டுரையில் விரிவாகக் கிடைக்கிறது. ஒரு சிற்றூரில் தேசியப் பள்ளி தொடங்குவது எப்படி என்று நடைமுறை விவரங்களுடன் எழுதப்பட்ட அதில் எழுத்து, கணக்கு, வரலாறு, புவியியல், மதக்கல்வி, அரசியல், பொருளியல், அறிவியல், கைத்தொழில், வேளாண்மை, உடற்பயிற்சி ஆகியவற்றோடு, பிள்ளைகளை வெளியிடங்களுக்கு அழைத்துச் செல்லும் பயணமும் பாடமாக இடம்பெறுகிறது. எல்லாவற்றையும் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்பது அதன் உயிர்நிலை. மிஷனரி தந்த அறிவியலையும் திண்ணை தந்த தாய்மொழியையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவர முயன்ற அந்தத் திட்டத்துக்கு உருவம் கொடுக்கும் வாய்ப்பு, கடையத்திலிருந்து வெகுதொலைவில் இல்லாத சேரன்மாதேவியில், புதுச்சேரியில் பாரதியின் தோழராக இருந்த வ.வே.சு. ஐயருக்குக் கிடைத்தது.

சட்டம் பயில லண்டன் சென்று புரட்சியாளராகி, பத்தாண்டுகள் புதுச்சேரியில் கழித்துத் திரும்பிய ஐயர், 1922இல் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலம் ஒன்றைத் தொடங்கி, பின்னர் அதைச் சேரன்மாதேவிக்கு மாற்றி, பரத்வாஜ ஆசிரமம் என்ற பெயரில் நடத்தினார். ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் தங்கி வாழ்வதே குருகுல முறை. தமிழ்வழிக் கல்வி, இலக்கியப் பயிற்சி, உடற்பயிற்சி, கைத்தொழில் என அதன் நோக்கங்கள் அனைத்தும் உயர்ந்தவை. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு முதலில் ஐயாயிரத்தை அளித்தது. நாட்டு விடுதலைக்காகத் தேசமே நடத்தும் பள்ளி என்ற பெருமிதத்தோடு பல சாதியினரும் தம் பிள்ளைகளை அனுப்பினர்.

அங்கே பிராமண மாணவர் இருவர் மற்றவர்களிலிருந்து விலகித் தனியே உண்டனர். அவர்களுடைய பெற்றோரின் நிபந்தனைக்கு இணங்க அவ்வாறு செய்ததாக ஐயர் தரப்பு விளக்கம் அளித்தது. இடம் மட்டுமன்றி உணவும் வேறுவேறாக இருந்தது என்று பெரியார் பின்னாளில் எழுதினார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் குருகுலத்தில் பயின்றபோது நேர்ந்த அவமதிப்பே செய்தியை வெளியே கொண்டுவந்தது என்பது பரவலாக வழங்கும் வரலாறு. கமிட்டியின் செயலாளராக இருந்த ஈ.வெ. ராமசாமி (பெரியார்) எஞ்சிய தொகையைத் தர மறுத்தார். வரதராஜுலு நாயுடு தம் ‘தமிழ்நாடு’ இதழின் வழியாகவும் மேடைகளிலும் இதை மாகாணம் தழுவிய விவாதமாக்கினார். வைக்கம் போராட்டத்தையொட்டி 1925 மார்ச்சில் தெற்கே வந்த காந்தி, அந்த இருவருக்கு மட்டும் விலக்கு அளித்துவிட்டு இனிச் சேர்வோர் அனைவரும் ஒன்றாக உண்ணட்டும் என்ற சமரசத்தைப் பரிந்துரைத்தார். பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்று எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் காங்கிரஸ் கமிட்டியில் நிறைவேறியதும் ராஜாஜி உள்ளிட்டோர் பதவி விலகினர். ஐயரும் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூன் தொடக்கத்தில் பாபநாசம் அருவிப் பகுதியில் நீரில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்ற முயன்று அவரும் உயிரிழந்தார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு ஈ.வெ.ரா. காங்கிரஸைவிட்டு வெளியேறினார்.

ஐயரைச் சாதிவெறியர் என்று ஒதுக்குவதும், அரசியல் பகையால் வீழ்த்தப்பட்ட தியாகி என்று மட்டும் போற்றுவதும் இந்நிகழ்ச்சியின் பொருளைக் குறைத்துவிடும். தனிவாழ்வில் சாதி வழக்கங்களை மீறியவர், தமிழின்மீது தீராக் காதல் கொண்டவர், நாட்டுக்காகத் தம் வாழ்வையே பணயம் வைத்தவர் அவர். அத்தகையவர் நடத்திய பள்ளியே இரண்டு பெற்றோரின் நிபந்தனைக்கு வளைந்தது என்பதில்தான் பாடம் இருக்கிறது. பிள்ளைகள் எண்ணிக்கையில் இருவர்தானே என்ற வாதம் அன்றும் சொல்லப்பட்டது, இன்றும் சொல்லப்படுகிறது. தனியே உண்ட இருவர் கற்றதைவிட, அவர்கள் ஏன் எழுந்து வேறிடம் போகிறார்கள் என்று நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த மற்றப் பிள்ளைகள் கற்றதே ஆழமானது. அந்தக் கல்வி எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்படவில்லை.

விடுதிப் பள்ளியின் உணவுக்கூடம் ஒரு மக்களையே உருவாக்கவும் வல்லது என்பதற்குத் திபெத்திய அகதிகளின் கல்வி இந்திய மண்ணிலேயே எடுத்துக்காட்டாக நிற்கிறது. திபெத்தில் கல்வி பெரும்பாலும் பௌத்த மடங்களுக்குள் இருந்தது. 1923இல் ஜ்யாண்ட்சே நகரில் திறந்த ஆங்கிலப் பள்ளி மடங்களின் எதிர்ப்பால் மூன்றாண்டுகளில் மூடப்பட்டது. 1944இல் லாசாவில் திறந்ததும் அவ்வாறே விரைவில் மூடப்பட்டது. 1959இல் நாடிழந்து வந்தபின், 1960 மார்ச்சில் முசூரியில் அவர்களுடைய முதல் பள்ளி தொடங்கியது. மறு ஆண்டு இந்திய அரசு திபெத்தியப் பள்ளிகளுக்கெனத் தனி நிர்வாக அமைப்பை ஏற்படுத்தியது. தர்மசாலாவில் தோன்றிய திபெத்தியக் குழந்தைகள் கிராமத்தில் இருபது, முப்பது பிள்ளைகள் ஒரு வளர்ப்புத் தாயின் பொறுப்பில் ஒரே வீட்டில் சமைத்து உண்டு வளர்கின்றனர். தொலைதூரத்தில் பிரிந்துகிடந்து, ஒருவர் பேச்சு மற்றவருக்கு எளிதில் விளங்காத உட்சாங், காம், அம்தோ என்ற மூன்று பெரும் பகுதிகளின் பிள்ளைகள் அந்த வீடுகளில் ஒருங்கே வளர்ந்து, பொதுவான பேச்சையும் தாங்கள் ஒரே மக்கள் என்ற உணர்வையும் பெற்றனர். நாட்டை இழந்த நெருக்கடி அவர்களை ஒரே அடுப்பைச் சுற்றி அமரவைத்தது. சேரன்மாதேவியிலும் ஒரு தேசத்தை உருவாக்குவதே நோக்கமாக இருந்தது. அடுப்பைச் சுற்றித்தான் அது உடைந்தது.

பொதுப் பணத்தில் பள்ளியில் உணவு என்ற எண்ணம் இதே காலத்தில் சென்னையில் முளைத்தது. தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தொடங்கியது. குருகுலப் போராட்டம் உச்சமடைந்த 1925இல் நிதி காரணமாக அது நின்றுபோனது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் அரைநாள் குடும்பத் தொழிலிலும் கழிக்கும் ராஜாஜியின் திட்டத்தை, 1954இல் முதலமைச்சரானதும் கைவிட்ட காமராஜர், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் துணையோடு அந்த எண்ணத்துக்கு உயிர் கொடுத்தார். சேரன்மாதேவி ரயில்வே கேட்டில் அவருடைய கார் நின்றபோது, மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனைப் பள்ளிக்குப் போகாததற்குக் காரணம் கேட்க, போனால் சோறு கிடைக்குமா என்று அவன் திருப்பிக் கேட்டதாக நெல்லை மக்கள் சொல்லும் செய்தி ஆவணச் சான்றைவிட வாய்மொழியாகவே வலுப்பெற்றது. தனிப்பந்தியால் பெயர் கெட்ட ஊரையே பொதுப்பந்தியின் தோற்றுவாயாக மக்கள் நினைவு தேர்ந்துகொண்டிருப்பது கவனிக்கத்தக்கது. 1956இல் எட்டயபுரத்தில் பொதுமக்களின் கொடையோடு தொடங்கிய மதிய உணவு, மறு ஆண்டு முதல் அரசு மானியத்தோடு மாநிலமெங்கும் பரவியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது.

கடையம், ஆலங்குளம், முக்கூடல் வட்டாரத்தில் இதன் பயனை உணரப் பீடித் தொழிலை நினைத்துப் பார்க்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் தட்டை மடியில் வைத்து, வெட்டிய இலையில் தூளைப் பரப்பிச் சுருட்டி நூல் கட்டும் இவ்வேலை எண்ணிக்கைக்குக் கூலி தருவது. ஆகவே பிள்ளையின் சிறு விரல்களும் குடும்பத்தின் வருவாய்க்குக் கணக்கில் வந்தன. அதிலும் மூத்த மகளின் விரல்களே முதலில் வந்தன. அவளைப் பள்ளிக்கு அனுப்பினால் கூலியில் குறையும் தொகையில் ஒரு பகுதியை மதியச் சோறு ஈடுசெய்தது. பீடித் தொழிலாளர் நலநிதியிலிருந்து வழங்கும் கல்வி உதவித்தொகையும் பின்னர் அதற்குத் துணை நின்றது. ஆனால் பசி போக்கியதைப் போலவே முக்கியமான மற்றொன்றையும் அந்தச் சோறு செய்தது. ஒரே அண்டாவிலிருந்து ஒரே அகப்பையால் எடுத்து, தரையில் வரிசையாக அமர்ந்த பிள்ளைகளின் தட்டுகளில் சாதி கேட்காமல் இட்டுச் செல்வதை ஓர் அன்றாட வழக்கமாக்கியது. ஐயரின் குருகுலத்தால் செய்ய இயலாததைக் கிராமத்து ஓட்டுக்கூரைப் பள்ளி செய்தது.

அந்த வழக்கம் முழு வெற்றி பெற்றுவிடவில்லை. சமையல் பணியமர்த்தலில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை அளிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் ஆணையிட்ட பிறகும், 2018இல் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் பள்ளியை முற்றுகையிட்டனர். நெல்லை, தென்காசி மாவட்டங்களில் மாணவர்கள் தம் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மணிக்கட்டில் கட்டி வருவது அரசு சுற்றறிக்கை அனுப்பும் அளவுக்குப் பரவியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவர் உடன்படித்தோரால் வீடு புகுந்து வெட்டப்பட்டதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யவும், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்கவும், வகுப்பில் மாணவரைப் பெயரின் அகரவரிசைப்படி அமர்த்தவும் பரிந்துரைத்தது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் பொதுச் சமையற்கூடம் அமைத்து அங்கிருந்து பள்ளிகளுக்கு உணவு அனுப்பலாம் என்பதும் அதன் பரிந்துரைகளுள் ஒன்று.

இவற்றுள் அமர்விடம் பற்றிய பரிந்துரை எளிதில் செயற்படுத்தத்தக்கது. அதை எந்தத் தலைமையாசிரியரும் நாளையே தொடங்கலாம். பொதுச் சமையற்கூடம் பற்றித் தயங்க இடமுண்டு. சமைத்தவர் யார் என்று தெரியாதபோது மறுப்பதற்குக் காரணம் இராது என்பது அதன் பயன். ஆனால் இன்னார் கையால் சமைத்த சோறு இது என்று தெரிந்தே உண்ணும் பழக்கத்தை ஒரு பிள்ளை ஆறு வயதில் பெறக்கூடிய ஒரே இடம் பள்ளியின் சொந்த அடுப்படிதான், அதை ஒன்றியத் தலைநகருக்குப் பெயர்த்துவிட்டால் அந்தப் பயிற்சிக்கு வேறிடம் ஊரில் இல்லை. சமைப்பவரைப் பள்ளிக்குள்ளேயே வைத்து, எதிர்ப்பு வந்தால் ஆண்டர்சனைப் போல உறுதியாக நிற்கும் துணிவைக் கல்வித் துறையும் மாவட்ட நிர்வாகமும் தலைமையாசிரியருக்குத் தருவதே மேலான வழி.